சாயத்தண்ணியின் ஆறாவது பாட்டு

திருச்செங்கோடு
3.6.2024

பெரியநாயகிக்கு,

தங்கசாமி எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இந்த வரி வரைக்கும் வந்திருந்தால் சந்தோஷம். போன வாரம் நான்கு தடவை போன் செய்தேன். நான்கு தடவையும் எடுத்து, ஒரு நிமிஷம் பேசாமல் இருந்து, வைத்துவிட்டாய். அதனால்தான் இருபது வருஷத்துக்குப் பிறகு உனக்குக் கடிதம் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

சென்னையிலிருந்து சந்தோஷ்குமார் என்று ஒருவர் என் போர்வெல் ரிக் வண்டி நிறுத்தும் ஷெட்டுக்கு வந்தார். யாரும் கவனிக்காமல் போன பழைய ஆல்பங்களைத் தேடிப்பிடித்து மறுபடியும் இசைத்தட்டாகப் போடும் கம்பெனி வைத்திருக்கிறார். நம்முடைய ‘கருங்கல்’ குழுவின் கதையை என்னைவிட நன்றாகச் சொல்கிறார். எண்பத்து மூன்றில் சேலத்தில் கல்லூரி மேடையில் ஆரம்பித்தது, தொண்ணூற்றொன்றில் நீ எழுதிய ‘ஏர் ஹாரன்’ லாரிக்கு லாரி அலறியது, கிதார் வாசிக்கும் பெண்ணுக்குப் பெரியநாயகி என்ற பேர் எடுபடாது, மாற்றிக்கொள் என்று கேசட் கம்பெனிக்காரன் சொல்ல, நீ எழுந்து வெளியே போனது, எல்லாம் அவருக்குத் தெரியும்.

‘ஏர் ஹாரன்’ விஷயமாகத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். இல்லை. குழு கலைந்த பிறகு 2004இல் நீ தனியாகப் போட்ட ‘சாயத்தண்ணி’ சிடியை என் மேஜைமேல் வைத்தார். தமிழில் வந்த ராக் ஆல்பங்களிலேயே இதுதான் உயர்ந்தது, ஆனால் கேட்டவர்கள் நூறு பேர்கூட இருக்க மாட்டார்கள் என்றார். நானும் கேட்டதில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டி வைத்தேன்.

சாயங்காலம் காருக்குள் உட்கார்ந்து எட்டுப் பாட்டையும் கேட்டேன். டிரம்ஸ் வரவேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. கிதார் நிற்கிறது, உன் குரல் நிற்கிறது, நாலு எண்ணிக்கை காலியாகப் போகிறது, பிறகு மறுபடி பிடிக்கிறாய். என் கை என்னைக் கேட்காமல் ஸ்டியரிங்கில் தட்டிக்கொண்டிருந்தது.

சந்தோஷ்குமாரின் யோசனை, அந்தக் காலி இடங்களில் நான் இப்போது வாசித்துச் சேர்க்க வேண்டும் என்பது. நவம்பரில் வெளியிடலாம் என்கிறார். உன் சம்மதம் இல்லாமல் கையை வைக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். எனக்கு அறுபத்து மூன்று. முட்டிதான் போயிருக்கிறது, கை போகவில்லை. அந்த ஆல்பத்துக்கு டிரம்ஸ் வேண்டும், அம்மணி. கேட்கிற யாருக்கும் அது தெரியும்.

தங்கசாமி


குமாரபாளையம்
9.6.2024

தங்கசாமி அண்ணனுக்கு,

போனை நான் கோபத்தில் வைக்கவில்லை. எனக்குக் கேட்கவில்லை. உங்கள் டிரம்ஸ் சிம்பலுக்குப் பக்கத்தில் இருபது வருஷம் நின்றதில் இடது காது முழுசாகப் போய்விட்டது. வலது காதிலும் போனில் வரும் குரல் தகரத்தைச் சுரண்டுகிற மாதிரி இருக்கிறது. யாரென்று தெரியாமல்தான் ஒரு நிமிஷம் காத்திருந்தேன். உங்கள் குரல் என்று தெரிந்திருந்தால் அந்த ஒரு நிமிஷமும் கிடைத்திருக்காது.

உங்கள் கேள்விக்குப் பதில், முடியாது.

2004 மே மாதம் சங்ககிரிக்கு இந்தப் பக்கம் மூடிக்கிடந்த ஜவ்வரிசி ஆலையின் குடோனில் ஒலிப்பதிவு வைத்தோம். முதல் இரண்டு நாள் வந்தீர்கள், ஒத்திகை பார்த்தீர்கள். மூன்றாம் நாள் பதிவு. நீங்கள் வரவில்லை. டிரம்ஸ் மட்டும் குடோன் நடுவில் போர்வை போர்த்தி நின்றது. மத்தியானம் வரைக்கும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மெஷினில் தாளம் போட்டுக்கொள்ளலாமா என்று ஒலிப்பதிவுக்காரர் கேட்டார். வேண்டாம் என்றேன். வரவேண்டியவர் வரவில்லை, அது கேட்கிறவர்களுக்கும் தெரியட்டும் என்றேன். ஒவ்வொரு பாட்டிலும் உங்கள் இடத்தைக் காலியாக விட்டு, மனசுக்குள் எண்ணிக்கொண்டு வாசித்தேன். அதைத்தான் இப்போது நிரப்பிக்கொடுக்கிறேன் என்கிறீர்கள்.

அந்த சிடிக்கு நடந்ததை உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நடுநடுவே சத்தம் வரவில்லை, தயாரிப்பில் கோளாறு என்று கடைக்காரர்கள் கட்டுக்கட்டாகத் திருப்பி அனுப்பினார்கள். ஒரு பத்திரிகை இரண்டு வரி எழுதியது. ‘ஏர் ஹாரன்’ பாடிய அம்மையாருக்கு ஓய்வு தேவை என்பது அதில் இரண்டாவது வரி. வெளியீட்டுக்குப் பிடித்திருந்த மண்டபத்துக்காரர் அன்று காலையில் சாவி தர முடியாது என்றார். தடுத்தது யாரென்று ஊருக்கே தெரியும். என் சொந்த அண்ணன் சென்னிமலை.

அப்பா காலத்தில் எங்கள் வீட்டில் நூலுக்குச் சாயம் போட ஒரே ஒரு தொட்டி இருந்தது. அண்ணன் கையில் அது சாயப்பட்டறையானது. பட்டறை பெரிதாக ஆக, அதற்குக் கீழே இருக்கிற பூலாக்காட்டு வலசு என்கிற சின்ன ஊரில் கிணற்றுத் தண்ணீர் நிறம் மாறியது. அந்த வலசின் காளியாத்தாள் எங்கள் தறியில் கூலிக்கு இருந்தவர். தன் கிணற்றை எனக்குக் காட்ட அவர் என் கையைப் பிடித்து அழைத்துப்போன நாளில்தான் எனக்கு அந்த எட்டுப் பாட்டும் வந்தன. ஆறாவது பாட்டில் அண்ணன் பெயரையே வைத்தேன். அதோடு அந்த வீட்டு வாசல் எனக்கு அடைத்துவிட்டது.

சந்தோஷ்குமார் உங்களிடம் டிரம்ஸ் பற்றி மட்டும்தான் சொன்னாரா? எனக்கு எழுதியதில் இன்னொன்றும் இருக்கிறது. ஆறாவது பாட்டை எடுத்துவிட வேண்டுமாம். வக்கீல் பயப்படுகிறாராம். அண்ணன் பட்டறை இன்றும் ஓடுகிறது, வலசுக் கிணறு இன்றும் நாறுகிறது. பாட்டை மட்டும் எதற்கு நிறுத்த வேண்டும்?

என்னைப் பார்த்து யாரும் பரிதாபப்பட வேண்டாம். அறுபத்திரண்டு வயதில் தினமும் காலையில் மொட்டைமாடியில் ஆம்ப்ளிஃபயரை வைத்து ஒரு மணி நேரம் வாசிக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு தடவை புகார் கொடுத்தார்கள். சத்தத்தைக் குறைக்கவில்லை.

பெரியநாயகி


திருச்செங்கோடு
20.6.2024

பெரியநாயகிக்கு,

சந்தோஷ்குமாரிடம் கேட்டேன். உண்மைதான். ஆறாவது பாட்டு பற்றி என்னிடம் சொல்லாமல் விட்டது தப்பு என்று ஒப்புக்கொண்டார். டிரம்ஸ் பேச்சையும் நான் விட்டுவிட்டேன்.

ஆனால் நீ எழுதியதைப் படித்துவிட்டு எட்டு நாள் எனக்குத் தூக்கமில்லை. உன் தரப்பு எல்லாம் இருக்கிறது, என் தரப்பு ஒரு வரிகூட இல்லை. ஏன் வரவில்லை என்று ஒரு தடவையாவது நீ கேட்டாயா? கேட்காமல், ஈரோட்டு மேடையில் மைக்கைப் பிடித்து, “எங்க டிரம்மர் பயந்து ஓடிட்டாரு” என்றாய். என் மகன் ஜெகதீஸ்வரன் அப்போது ஒன்பதாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் அவனிடம் வந்து கேட்டிருக்கிறார்கள், உங்க அப்பா எதுக்குடா ஓடினாரு என்று. அவன் வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டான். நான் சாப்பிடாமல் எழுந்து போனேன்.

இப்போது சொல்கிறேன். அப்பா நிலத்தை அடகு வைத்து முதல் ரிக் வண்டி வாங்கியிருந்தேன். வேலை இல்லை. உன் அண்ணன் கூப்பிட்டு, பட்டறையில் வரிசையாக போர்வெல் போடும் வேலையைக் கொடுத்தார். ஒலிப்பதிவு செய்தி காதுக்குப் போனதும் ஆள் அனுப்பாமல் அவரே வந்தார். வண்டி முன்னால் நின்றுகொண்டு, “எங்க அம்மணி கூடக் கொட்டு அடிக்கிறதுன்னா, வண்டிய அக்கட்ட ஓட்டிக்கிட்டுப் போயிருங்க” என்றார். நான் வண்டியை ஓட்டவில்லை. கொட்டை விட்டேன்.

உனக்குப் பாட்டு இருந்தது. எனக்குப் பின்னால் ஐந்து பேர் சோற்றுக்கு இருந்தார்கள். அதே நிலைமை திரும்பி வந்தாலும் அதையேதான் செய்வேன். இதற்காக உன்னிடம் தலை குனிய வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

தங்கசாமி


குமாரபாளையம்
26.6.2024

தங்கசாமி அண்ணனுக்கு,

ஜெகதீஸ்வரன் விஷயம் எனக்குத் தெரியாது. மேடையில் அப்படிச் சொன்னது தப்பு. அவனிடம் நான் வருத்தப்பட்டதாகச் சொல்லுங்கள்.

மற்றதை நான் நம்பவில்லை.

எண்பத்தொன்பதில் பெங்களூர் ஓட்டலில் தமிழில் பாடக்கூடாது என்று முதலாளி சொன்னபோது, ஊருக்குத் திரும்ப பஸ் காசுகூட இல்லாத நிலையில், பெரிய டிரம்மை உதைத்து உருட்டிவிட்டு முதல் ஆளாக வெளியே வந்தவர் நீங்கள். தர்மபுரி வரைக்கும் தக்காளி லாரியில் நின்றுகொண்டே வந்தோம். அந்த ஆள் என் அண்ணன் வண்டிக்கு முன்னால் நின்று அதட்டியதற்காகப் பேசாமல் இருந்திருக்க மாட்டார். குறைந்தது எனக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருப்பார்.

இன்னொன்று. எட்டுப் பாட்டும் கேட்டேன் என்று முதல் கடிதத்தில் எழுதினீர்கள். ஆறாவது பாட்டை எடுக்கச் சொல்கிறார்கள் என்று நான் எழுதினேன். நீங்கள் பதிலில் ‘உண்மைதான்’ என்று மட்டும் எழுதிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விட்டீர்கள். எடுக்கலாமா கூடாதா, அது நல்ல பாட்டா இல்லையா, ஒன்றும் சொல்லவில்லை. ஒரு டிரம்மர் அந்தப் பாட்டைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. நான் போட்டதிலேயே கஷ்டமான தாளம் அதுதான்.

அந்தப் பாட்டில் உங்களுக்கு என்ன இருக்கிறது? முழுசாகச் சொல்வதாக இருந்தால் எழுதுங்கள். இல்லாவிட்டால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பெரியநாயகி


திருச்செங்கோடு
15.7.2024

பெரியநாயகி,

இதை மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் கிழித்தேன். இப்போது எழுதுவதைத் திருப்பிப் படிக்காமல் உறையில் போடப் போகிறேன்.

உன் அண்ணன் பட்டறையில் நான் போட்ட முதல் மூன்று போரிலும் தண்ணீர் வந்தது. நான்காவது, மேற்கு மதில் ஓரமாக, எண்ணூறு அடி போயும் புழுதிதான். மூடிவிடட்டுமா என்று கேட்டேன். இருக்கட்டும் என்றார். அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பத்து நாள் கழித்து, விட்டுவிட்டு வந்த ஒரு பைப்பை எடுக்கப் போனேன். அந்தக் குழிக்குள் ஒரு ரப்பர் ஹோஸ் இறங்கியிருந்தது. மறுமுனை சாயத்தொட்டியில். ஆற்றில் விட்டால் கண்ணுக்குத் தெரிந்துவிடும். பூமிக்குள் விட்டால் யாருக்குத் தெரியும்?

நான் பார்த்ததை அவர் பார்த்துவிட்டார். மழுப்பவில்லை. இரண்டு வருஷத்துக்கு மேல் போனதும், அந்தக் குழி போதாமல் என்னைக் கூப்பிட்டு, அதே மதில் ஓரமாக ஐந்தாவதாக ஒன்று போடச் சொன்னார். எத்தனை அடி என்று கேட்டேன்.

“முந்நூறு போதுங்க. தண்ணி வேண்டாம். ஓட்டை போதும்” என்றார்.

நான் போட்டேன். எதற்கென்று தெரிந்தே போட்டேன். முந்நூற்றிருபது அடியில் பாறையில் பெரிய வெடிப்பு ஒன்று கிடைத்தது. ஊற்றுகிறதையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும் வெடிப்பு. நல்ல இடமாகப் பார்த்திருக்கிறீர்கள் என்று அவர் என்னைப் பாராட்டினார்.

மறுநாள்தான் உன் ஒத்திகை தொடங்கியது. முதல் இரண்டு நாள் மற்றப் பாட்டுகளைப் பார்த்தோம். இரண்டாம் நாள் சாயங்காலம் ஆறாவது பாட்டை நீ முதல் தடவையாகப் பாடிக் காட்டினாய்.

தண்ணியே தண்ணியே எந்த வழியா வந்தே?
வாய்க்காலா வரலே, மழையா விழலே,
கெணத்துக்குள்ளே செவந்து நின்னியே,
எந்த வழியா வந்தே?

வலசுக்காரர்கள் இரண்டு வருஷமாகக் கேட்ட கேள்வி அது என்று சொன்னாய். தண்ணீர் எந்த வழியாக வந்தது என்று அந்தக் குடோனில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். அவன் கையில் இரண்டு குச்சிகளோடு உனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். மறுநாள் எப்படி வருவேன்?

பயந்து ஓடிவிட்டேன் என்று நீ ஊரெல்லாம் சொன்னாய். உண்மையைச் சொன்னால், அதைக் கேட்டபோது கோபத்தோடு ஒரு நிம்மதியும் இருந்தது. கோழை என்ற பேர் மற்றதைவிடத் தேவலை.

தங்கசாமி


குமாரபாளையம்
12.8.2024

தங்கசாமிக்கு,

ஒரு தடவை படித்துவிட்டு மூன்று வாரம் உங்கள் கடிதத்தைத் தொடவில்லை. அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

கோபத்தை எழுத வார்த்தை தேடுகிறேன். வலசில் தென்னை மரங்கள் நின்றபடியே பட்டுப்போனதைப் பார்த்தீர்களா? காளியாத்தாளுடைய இரண்டு எருமைகளும் ஒரே மாசத்தில் செத்தன. பிள்ளைகளுக்குக் கை காலெல்லாம் புண். அந்த ஊரிலிருந்து பெண் எடுக்க யோசித்தார்கள். காளியாத்தாளின் மகன் மயில்சாமி மனு மேல் மனுவாக எழுதினார். அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். பட்டறையிலிருந்து ஒரு சொட்டுக்கூட வெளியே வரவில்லையே, ஆதாரம் எங்கே என்று கேட்டார்கள். மயில்சாமியிடம் ஆதாரம் இல்லை. அது உங்களிடம் இருந்தது. இருபது வருஷம் அந்தப் பாட்டை நான் கேள்வியாகவே பாடிக்கொண்டிருந்தேன்.

என்னிடம் சொன்னதோடு பாரம் குறைந்தது என்று நினைக்காதீர்கள். மன்னிக்கிற உரிமை எனக்கில்லை. அது என் கிணறு இல்லை. அந்தப் பட்டறையில் வந்த சோற்றை நானும் கல்லூரி முடிகிற வரைக்கும் தின்றவள்தான்.

நீங்கள் வலசுக்குப் போக வேண்டும். காளியாத்தாள் முகத்தைப் பார்த்து இதே கடிதத்தில் எழுதியதைச் சொல்ல வேண்டும். உங்களுக்காக நான் போய்ச் சொல்ல மாட்டேன். கூடவும் வர மாட்டேன்.

சந்தோஷ்குமாருக்கு எழுதிவிட்டேன். எட்டுப் பாட்டு, 2004இல் எப்படி வந்ததோ அப்படியே, காலி இடங்களோடு. முடியாது என்றால் ஆல்பம் என் கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கட்டும். யோசிக்க நேரம் கேட்டிருக்கிறார். எனக்குக் காத்திருக்க நேரமில்லை. செப்டம்பர் 22, ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வலசுப் பள்ளிக்கூட மைதானத்தில் எட்டுப் பாட்டையும் பாடப் போகிறேன். மயில்சாமி லாரி ஏற்பாடு செய்கிறார், அதன்மேல் நின்றுதான். இந்த ஆல்பத்துக்கு வெளியீட்டு விழா பாக்கி இருக்கிறது.

அதற்கு முன்னால் நீங்கள் போயிருக்க வேண்டும். போகவில்லை என்றால், உங்கள் கடிதத்தை அன்று மேடையில் நான் படிப்பேன்.

பெரியநாயகி


திருச்செங்கோடு
8.9.2024

பெரியநாயகிக்கு,

போய்விட்டு வந்தேன். உன் மிரட்டலுக்காகப் போகவில்லை என்று எழுத ஆசை. அது பொய்யாகிவிடும்.

ஜெகதீஸ்வரனிடம் முதலில் சொன்னேன். இப்போது வண்டிகள் எல்லாம் அவன் பொறுப்பு. கணக்கு நோட்டை மூடி வைத்தான். பிறகு, இது வெளியே தெரிந்தால் எவன் நம்மைக் கூப்பிட்டு போர் போடுவான், இருபது வருஷம் சும்மா இருந்தவருக்கு இன்னும் பத்து வருஷம் இருக்க முடியாதா என்று கேட்டான். அவன் சொன்னதில் தப்பில்லை. கார் சாவியைத் தர மறுத்தான். பஸ்ஸில் போனேன்.

வலசில் மயில்சாமி வீட்டு வாசலில் கட்டிலைப் போட்டு உட்காரச் சொன்னார்கள். யாரென்று தெரியாமலே மரியாதை. உட்காராமல் நின்றபடியே சொன்னேன். நான்காவது குழி, ஐந்தாவது குழி, ஹோஸ், எல்லாவற்றையும். மயில்சாமி நடுவில் எழுந்து போய்விட்டார். காளியாத்தாள் கடைசி வரைக்கும் கேட்டார். எண்பது வயது இருக்கும். கண்ணை எடுக்கவே இல்லை.

“எத்தன அடி போட்டீங்க சாமி?” என்று கேட்டார்.

“முந்நூத்தி இருவதுங்க.”

“நாங்க நல்ல தண்ணிக்கு ஐந்நூறு வரைக்கும் போட்டுப் பாத்தோம்” என்றார். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

மயில்சாமி திரும்பி வந்தபோது கையில் ஒரு சொம்பு. கிணற்றிலிருந்து சேந்தியது. என் முன்னால் நீட்டி, குடிங்க என்றார். வாங்கினேன். குடிக்கத்தான் போனேன். காளியாத்தாள் எழுந்து வந்து என் கையிலிருந்து சொம்பைப் பிடுங்கி வாசலில் கொட்டினார். “ஊட்டுக்கு வந்தவங்களுக்கு இந்தத் தண்ணி குடுக்கறதில்லடா” என்று மகனிடம் சொல்லிவிட்டு, உள்ளே போய் கேன் தண்ணீரை டம்ளரில் கொண்டுவந்தார். அதை எப்படிக் குடித்தேன் என்று தெரியவில்லை.

எழுதித் தருவீர்களா என்று மயில்சாமி கேட்டார். அங்கேயே உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதி, கையெழுத்துப் போட்டு, ஆதார் நகலையும் சேர்த்துக் கொடுத்தேன். பஸ்ஸுக்கு நடக்கும்போது பின்னாலேயே வந்து, “இருவத்திரெண்டாந்தேதி நீங்க வரவேண்டாங்க. பசங்களுக்கு என்ன தோணுமோ, நான் பொறுப்பேத்துக்க முடியாது” என்றார். சரி என்றேன். அதனால் அன்று நான் வர மாட்டேன்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். ஆறாவது பாட்டில் உன் அண்ணன் பெயர் இருக்கிறது. என் பெயர் இல்லாமல் அந்தப் பாட்டு முடியவில்லை. சேர்த்துவிடு.

தங்கசாமி


குமாரபாளையம்
1.10.2024

தங்கசாமி அண்ணனுக்கு,

நீங்கள் வராததால் நடந்ததை எழுத வேண்டியிருக்கிறது.

அறுபது, எழுபது பேர் இருந்தார்கள். பாதிப் பேர் வலசு, மீதி சங்ககிரிப் பக்கத்து லாரி டிரைவர்கள். ‘ஏர் ஹாரன்’ பாடிய பாட்டி வந்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டு வந்தவர்கள். நான் லாரியில் ஏறினவுடனே அதைப் பாடு என்று சத்தம் போட்டார்கள். இன்றைக்கு அது கிடையாது, வேண்டாதவர்கள் போகலாம் என்றேன். யாரும் போகவில்லை. சந்தோஷ்குமார் சென்னையிலிருந்து ராத்திரி பஸ் பிடித்து வந்து முன்வரிசையில் மண்ணில் உட்கார்ந்திருந்தார்.

காது இப்படி இருக்கிறதே, சுருதி பிசகிவிடுமோ என்று பயமாகத்தான் இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, லாரிப் பலகையில் வெறுங்காலோடு நின்றேன். ஆம்ப்ளிஃபயரின் அதிர்வு உள்ளங்காலில் தெரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டே போனேன். காலி இடங்கள் வந்தபோது யாரும் கோளாறு என்று நினைக்கவில்லை. நாலு எண்ணிக்கைக்கும் அத்தனை பேரும் அசையாமல் இருந்தார்கள். இருபது வருஷமாக நான் கேட்டது அந்த நாலு எண்ணிக்கை அமைதியைத்தான்.

ஆறாவது பாட்டு ஆரம்பித்ததும் அண்ணனுடைய ஆள் ஒருவர் எழுந்து நின்று செல்போனில் படம் பிடித்தார். நான் லாரியின் ஓரத்துக்கு வந்து, அவர் போனுக்கு நேராக நின்று அண்ணன் பெயர் வரும் வரியைப் பாடினேன்.

சென்னிமலை பட்டறையிலே சேலை நனைஞ்சுது
காளியாத்தா கெணத்துக்குள்ளே சாயம் கரைஞ்சுது

பாட்டு முடிந்தது. கைதட்டல் இல்லை. ஒருவர் இருமுவது வலது காதில் கேட்டது. எனக்கு இரண்டாயிரத்து நான்கே திரும்பி வந்துவிட்டது போல இருந்தது. அப்போது நாற்காலியில் உட்கார்ந்திருந்த காளியாத்தாள் எழுந்து நின்றார். அவர் உதடு அசைந்தது, எனக்குக் கேட்கவில்லை. மயில்சாமி லாரிமேல் ஏறி வந்து வலது காதில் சொன்னார்.

“மறுக்கா பாடச் சொல்றாங்க.”

மறுபடி பாடினேன். நீங்கள் கேட்டதை அந்த இரண்டாவது தடவை சேர்த்தேன்.

தங்கசாமி போட்ட குழி தாகம் தீக்கலே
தண்ணி வந்த வழிய இன்னும் யாரும் அடைக்கலே

உங்கள் பெயர் வந்ததும் கூட்டத்தில் சலசலப்பு. எழுந்தவர்கள் இருந்தார்கள். அவர் தானாக வந்து சொன்னவர், எழுதிக் கொடுத்தவர் என்று மயில்சாமிதான் மைக்கைப் பிடித்துச் சொன்னார். நான் உங்களுக்காகப் பேசவில்லை. பேசியிருக்க மாட்டேன்.

எட்டும் முடிந்த பிறகு சந்தோஷ்குமார் வந்து, ஒன்றையும் வெட்டாமல் போடுகிறேன், வழக்கு வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்றார். வக்கீலிடம் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள் என்றேன். கேட்டாயிற்று, வக்கீலை மாற்றியாயிற்று என்றார்.

நேற்று அண்ணனிடமிருந்து நோட்டீஸ் வந்தது. பாட்டைத் திரும்பப் பெற்று மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். பதினைந்து நாள் கெடு. பதிலாக ஒரு சிடியை உறையில் போட்டு அனுப்பிவிட்டேன்.

பெரியநாயகி


திருச்செங்கோடு
10.10.2024

அம்மணி,

நேற்று உன் அண்ணன் பட்டறையில் அதிகாரிகள் தோண்டினார்கள். மயில்சாமியின் மனுவோடு என் வாக்குமூலத்தையும் வைத்து உத்தரவு வாங்கியிருந்தார்கள். இடத்தைக் காட்ட நான் போக வேண்டியிருந்தது. ஜெகதீஸ்வரன்தான் காரில் கொண்டுபோய் விட்டான். இறங்கும்போது, முடிந்ததும் போன் செய்யுங்கள் என்றான். இரண்டு வேலை கைவிட்டுப் போயிருக்கிறது, அதை அவன் என்னிடம் சொல்லவில்லை, நானாகக் கேள்விப்பட்டேன்.

மேற்கு மதில் ஓரமாக இப்போது தகரக் கொட்டகை, கீழே சிமெண்ட் தளம். அடையாளத்துக்கு இருந்த மரத்தை வெட்டியிருந்தார்கள். மதிலிலிருந்து பதினோரு அடி என்று எனக்கு நினைவு. முதலில் உடைத்த இடத்தில் வெறும் மண். இரண்டாவது இடத்திலும் மண். அதிகாரிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பட்டறை ஆட்கள் சிரித்தார்கள். இருபது வருஷத்தில் புத்தி குழம்பிவிட்டதோ என்று எனக்கே சந்தேகம் வந்தது. அப்புறம்தான் மதிலைப் பார்த்தேன். அது புதுச் சுவர். பழையதை இடித்து வெளியே தள்ளிக் கட்டியிருந்தார்கள். பழைய அஸ்திவாரத்தைத் தேடி அங்கிருந்து அளந்தேன்.

மூன்றாவது இடத்தில் சத்தம் மாறியது. நூற்றுக்கணக்கில் குழி போட்டவனுக்கு அந்தச் சத்தம் தெரியும். சிமெண்டுக்கு அடியில் இரும்பு மூடி. மூடியைத் தூக்கினார்கள். ஆறரை அங்குலக் குழி, அதற்குள் ஹோஸ். ரப்பர் புதுசு. அதன் வாயில் ஊதா நிறத்தில் ஈரம் இருந்தது. நாற்றத்தில் ஒரு அதிகாரி நகர்ந்து போய் வாந்தி எடுத்தார். மயில்சாமி அந்தக் குழி ஓரத்தில் குந்தி உட்கார்ந்துவிட்டார், எழுந்திருக்க ரொம்ப நேரமானது.

உன் அண்ணன் கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். தளர்ந்துவிட்டார். என்னைப் பார்த்து, எல்லார் காதிலும் விழ, “இதுல உனக்கென்ன தங்கசாமி லாபம்?” என்று கேட்டார். குழி வெட்டியவன் பேரும் வழக்கில் வரும் என்று அதிகாரி என்னிடம் முன்பே சொல்லியிருந்தார். தெரிந்துதான் போனேன்.

“லாபம் ஒண்ணுமில்லீங்க. குழி நான் போட்டதுங்க” என்றேன்.

அதிகாரி அதை அப்படியே எழுதிக்கொண்டார். கீழே கையெழுத்துப் போட்டேன்.

தங்கசாமி